மறந்தது குற்றமா?

ஏற்காடு போயிருக்கிறீர்களா? சேலத்திலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவு, 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏரியையும் படகையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். சேர்வராயன் மலை உச்சியில், 5,326 அடி உயரத்தில், குறுகலான இருண்ட குகைக்குள் சேர்வராயரும் காவேரி அம்மனும் அருள்பாலிக்கிறார்கள். மலைவாழ் மக்கள் கொண்டாடும் தெய்வங்கள். இந்தக் குகை காவிரி வரை நீள்வதாக ஐதீகம். மே மாதத்தில் திருவிழா.

அங்கே தரிசனம் முடித்து வெளியே வந்த ஓர் அம்மாள் கண்களைத் துடைத்துக்கொண்டார். கணவருக்குப் புரியவில்லை.

"என்னம்மா, சாமி கும்பிட வந்த இடத்துல அழுதுட்டு?"

"அப்பாவைக் கூட்டிட்டு வந்தோமே, ஞாபகம் இல்லீங்களா? மூச்சு வாங்குதுன்னு இங்கதான் உட்கார்ந்தாரு. 'நேரமாச்சு, எழுந்திருங்க'ன்னு நீங்க அதட்டினீங்க."

"நானா? அப்படி ஒண்ணும் நடக்கலையே!"

அவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. உங்கள் வீட்டிலும் இது நடப்பதுதானே?

2002-ல் வெளியான ஓர் ஆய்வு. அமெரிக்காவில் துர்ஹான் கான்லி குழுவினர் 12 ஆண்களுக்கும் 12 பெண்களுக்கும் 96 படங்களைக் காட்டி, அப்போதே மூளையை ஸ்கேன் செய்தார்கள். சாதாரணப் படங்களும் இருந்தன, நெஞ்சை உலுக்கும் படங்களும் இருந்தன. மூன்று வாரம் கழித்துக் கேட்டபோது, நெஞ்சை உலுக்கியவற்றைப் பெண்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். உணர்ச்சியும் நினைவும் சேர்ந்து இயங்கிய இடங்கள் அவர்கள் மூளையில்தான் அதிகம்.

ஆனால் வெறும் 24 பேர்! அதை வைத்து ஊருக்கெல்லாம் ஜாதகம் கணிக்க முடியுமா? 2015-ல் 1,400-க்கும் மேற்பட்ட மூளைகளை அலசிய டாஃப்னா ஜோயல் குழுவினர், பெரும்பாலான மூளைகள் இரண்டும் கலந்தவையே என்றார்கள். நமக்கு இது புதிதில்லை. காளத்தியில் சிவலிங்கத்தின் கண்ணில் ரத்தம் வழிவதைக் கண்டதும் பதறி, தன் கண்ணையே பெயர்த்து அப்பினாரே கண்ணப்பர்... அவர் ஆண்பிள்ளை, அதுவும் வேடர்!

சரி, மறந்தது குற்றமா? மறதி தானாக வருவது, அதில் பாவமில்லை. ஆனால், நினைவிருக்கிறவர் கண்ணீரோடு சொல்லும்போது "நடக்கவேயில்லை" என்று தள்ளுகிறோமே, அதற்கு மூளையின் மேல் பழி போட முடியாது.

நம் பக்கமும் ஒன்று உண்டு, சகோதரிகளே. நமக்கு நினைவிருக்கிறது என்பதற்காக, மறந்தவருக்கு அன்பே கிடையாது என்று தீர்ப்பு எழுதிவிடலாமா? நானாக இருந்தால் அங்கேயே எழுதியிருப்பேன். அந்த அம்மாள் எழுதவில்லை.

"சரி விடுங்க. அப்பாவை நினைச்சு ஒரு கற்பூரம் ஏத்திட்டு வாங்க" என்றார்.

கணவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு கற்பூரம் வாங்கிக்கொண்டு, மறுபடியும் குகைக்குள் போனார்.