இரண்டாவது பிணத்துக்காகக் காத்திருத்தல்

தொடர்கொலைகாரனைத் துரத்திப் பிடிக்கும் கதைகள் நம்மை ஏன் இப்படிக் கட்டிப் போடுகின்றன என்ற கேள்விக்கு ஒரு தயார்ப் பதில் புழக்கத்தில் இருக்கிறது. நம் ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு கொலைகாரன் உறங்குகிறான், கதை அவனைப் பாதுகாப்பான தூரத்தில் வைத்து எழுப்பிக் காட்டுகிறது, அதுவே நம் கிளர்ச்சி என்பது அந்தப் பதில். இதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சொல்பவரைக் கொஞ்சம் ஆழமானவராகக் காட்டுவதைத் தவிர இது எதையும் விளக்குவதில்லை. உறங்கும் கொலைகாரனை எழுப்புவதுதான் காரியம் என்றால் கொலையைக் காட்டினால் போதுமே, துரத்தல் எதற்கு? தஸ்தயேவ்ஸ்கியின் 1866ஆம் வருட நாவலில் முதலிலிருந்தே கொலைகாரனோடுதான் இருக்கிறோம். அவன் தனக்கே என்ன செய்துகொண்டான் என்பதுதான் அங்கே கேள்வி. நான் பேசுகிற கதைகளில் கேள்வி வேறு: யார், அடுத்து எப்போது.

இவற்றைப் பற்றி எழுதுவதே கௌரவக் குறைவு என்று நம் வட்டத்தில் சிலர் நினைக்கக்கூடும். அவர்களும் பார்க்கத்தான் செய்கிறார்கள். விருத்தாசலம் ஜங்ஷனில் பாக்கெட் நாவல் வாங்கி, ரயில் கடலூர் போய்ச் சேர்வதற்குள் முடித்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். எனவே இது வெளியே நின்று சொல்லும் தீர்ப்பு அல்ல.

ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் காலத்திலிருந்து தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ்-வஸந்த் வரை நம் துப்பறியும் கதைகளில் கொலைக்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருந்தது: சொத்து, பொறாமை, பழைய பகை. கொலையாளி செத்தவனுக்குத் தெரிந்தவன். காரணத்தைக் கண்டுபிடித்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். 1978இல் பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’, 1980இல் பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’ ஆகியவற்றோடு வேறொன்று நிலைபெற்றது. கொலையாளிக்கும் செத்தவளுக்கும் நடுவில் உறவு இல்லை. காரணம் இருந்த இடத்தில் ‘மனம்’ வந்து உட்கார்ந்துகொண்டது. ‘ராட்சசன்’ (2018), ‘சைக்கோ’ (2020), ‘போர் தொழில்’ (2023) எல்லாம் இந்த வழியில் வந்தவை.

இந்தக் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பிம்பத்தைப் பாருங்கள். ஒரு சுவர். அதில் செத்தவர்களின் போட்டோக்கள், தேதிகள், ஒரு வரைபடம். எதிரே தூங்காமல் ஒருவன். கத்தியை விட, முகமூடியை விட, நம்மை ஈர்ப்பது இந்தச் சுவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத சாவுகளை யாரோ ஒருவன் எண்ணுகிறான். ஒவ்வொரு சாவும் அவனுடைய ஒரு ராத்திரித் தூக்கத்தைப் பறித்திருக்கிறது. எந்தச் சாவும் கவனிக்கப்படாமல் போகாத ஓர் உலகம், இதுதான் இந்தக் கதைகள் தரும் சுகம். கொலைகாரன் இந்தச் சுகத்துக்கு ஒரு முகாந்திரம் மட்டுமே.

இந்த ஆசை எங்கிருந்து பிறக்கிறது என்பதற்கு நிஜத்தைப் பார்த்தால் போதும். பம்பாயின் புறநகர்களில் 1965-66இலும், மறுபடி 1968இலும், குடிசைகளிலும் நடைபாதைகளிலும் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மண்டையில் அடித்துக் கொல்லப்பட்டார்கள். ராமன் ராகவ் என்பவன் முதல் சுற்றின்போதே போலீஸ் பார்வையில் பட்டவன். ஆதாரம் இல்லையென்று விடப்பட்டான். 1968 ஆகஸ்டில் பிடிபட்டபின் இருபதுக்கும் மேற்பட்ட கொலைகளை ஒப்புக்கொண்டான். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. குணப்படுத்த முடியாத மனநோய் என்று மருத்துவர்கள் சொன்னதன் பேரில் 1987இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாக்கியது. 1995இல் செத்தான். அவன் கொலைகளில் புதிர் இல்லை, போலீசுக்கு விடுத்த சவால் இல்லை. அவன் பெயரில் சினிமாக்கள் வந்திருக்கின்றன. நடைபாதையில் செத்தவர்களில் ஒருவர் பெயரையாவது நம்மில் யாராலும் சொல்ல முடியுமா?

நிதாரி இன்னும் அருகில் இருக்கிறது. 2006 டிசம்பரில் நொய்டாவில் ஒரு பங்களாவை ஒட்டிய சாக்கடையிலிருந்து குழந்தைகளின் எலும்புகள் எடுக்கப்பட்டன. பிழைக்க வந்த ஏழைகளின் பிள்ளைகள். பிள்ளையைக் காணோம் என்று போய் நின்ற பெற்றோரைப் போலீஸ் பொருட்படுத்தவில்லை என்ற புகார் அப்போதே எழுந்தது. 2023 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம், விசாரணை நடந்த லட்சணத்தைக் கடுமையாகச் சாடி, குற்றம் சாட்டப்பட்ட இருவரையும் விடுவித்தது. 2025இல் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை உறுதிசெய்தது. பத்தொன்பது வருடங்களுக்குப் பிறகு அங்கே எலும்புகள் இருக்கின்றன, பெற்றோர் இருக்கிறார்கள், கொலைகாரன் இருந்த இடம் காலியாக இருக்கிறது.

நிஜத்தில் இப்படி இருக்கும்போது, தூங்காத ஒருவனைக் கதையில் தேடுவதைக் கேவலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது நியாயமான ஏக்கம். ஆனால் அந்த ஏக்கத்தைத் தீர்த்து வைக்கக் கதை நம்மிடம் என்ன விலை கேட்கிறது என்பது வேறு கேள்வி.

விலை இதுதான்: முதல் பிணம் போதாது. ஒரு பெண் செத்துக் கிடந்தால் அது வழக்கு. இரண்டாவது பெண் அதே மாதிரி செத்தால்தான் கதை. சுவரில் இரண்டாவது போட்டோ ஏறும்வரை துரத்தல் தொடங்குவதில்லை. மூன்றாவது ஏறும்போது அமைப்பு புலப்படுகிறது, நமக்கு ஒரு நிறைவு. துரத்துகிறவனும் நாமும் அடுத்த சாவு நடந்துவிடக் கூடாதே என்று பதறுகிறோம். அதே நேரத்தில், அது நடந்தால்தான் ஆளைப் பற்றி இன்னும் கொஞ்சம் தெரியும் என்று காத்திருக்கவும் செய்கிறோம். இந்த இரண்டும் ஒரே மனதில் முரணின்றிக் குடியிருப்பதுதான் இந்த வடிவத்தின் சாமர்த்தியம். யாரும் கவனிக்காமல் போன சாவுகளைக் கவனிக்கும் உலகம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு உள்ளே போனோம். போன இடத்தில் சாவு தடயமாகிவிட்டது. செத்தவள் யார், எதற்குச் சிரிப்பாள், யாருக்குக் கடன்பட்டிருந்தாள் என்பதெல்லாம் வேண்டாம். அவள் அவனைப் பற்றி என்ன சொல்கிறாள் என்பது மட்டும் வேண்டும்.

‘சிகப்பு ரோஜாக்க’ளில் இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. கதாநாயகன் தன் கொலைகளைப் படம்பிடிக்கிறான். அவனை வளர்த்தவர் உட்கார்ந்து அந்தப் படங்களைப் பார்க்கிறார். வக்கிரத்தின் உச்சம் என்று அரங்கம் அருவருத்த அந்தக் கிழவர் இருட்டில், திரைக்கு முன்னால், ஒரு நாற்காலியில் இருக்கிறார். நாமும் அப்படித்தான் இருந்தோம். படம் தெரிந்து செய்ததோ தெரியாமல் செய்ததோ, பார்வையாளனின் ஆசனத்தையே திரைக்குள் கொண்டுபோய்ப் போட்டது. ‘ராட்சச’னின் நாயகனும் போலீஸ் ஆவதற்கு முன்னால் சினிமா எடுக்க ஆசைப்பட்டுக் கொலைச் செய்திகளைக் கத்தரித்துச் சேர்த்து வைத்தவன். அந்தச் சேகரிப்புதான் பிறகு அவனுக்குத் துப்புத் துலக்க உதவுகிறது. நம் ருசிக்கு அந்தப் படம் கொடுக்கும் நற்சான்று அது.

‘மன’த்தின் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில், நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து கிடைத்த களிமண்ணை நம்பி வளர்ந்த பீங்கான் தொழிலில், பொம்மை செய்யும் முறை ஒன்று உண்டு. களிமண்ணைக் குழம்பாகக் கரைத்துப் பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, ஓரத்தில் ஒரு தோல் படியும். வேண்டிய கனம் வந்ததும் மீதிக் குழம்பைக் கவிழ்த்துக் கொட்டிவிடுவார்கள். காய்ந்து சூளையில் வெந்து வரும் பொம்மைக்கு மூக்கும் முழியும் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. பொம்மைக்கு இது குறையில்லை, உள்ளே கெட்டியாக இருந்தால் சூளையில் வெடித்துவிடும். நம் கதைகளின் கொலைகாரனும் இப்படி வார்க்கப்பட்டவன்தான். கொடுமைக்கார அப்பா, அவமானப்பட்ட பிள்ளைப்பருவம், நிராகரித்த ஒரு பெண் என்ற அச்சு தயாராக இருக்கிறது. கடைசி இருபது நிமிஷத்தில் ஊற்றிக் கவிழ்த்தால் ஒரு உளவியல். இந்த உளவியல் ஒருவனைப் புரிந்துகொள்வதற்காக இல்லை, புரிந்துகொண்டாயிற்று என்று கதையை மூடுவதற்காக. பிள்ளைப்பருவத்தில் அடிபட்ட லட்சக்கணக்கானவர்கள் யாரையும் கொல்லாமல் காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள் என்ற எளிய உண்மைக்கு அந்த அச்சில் இடமில்லை. 1960இல் ஹிட்ச்காக் வைத்த தலைப்பு இன்று நம் தினசரிகளில் பெயர்ச்சொல்லாகிவிட்டது. ‘சைக்கோ’ என்று எழுதிய பிறகு கேட்க எதுவும் பாக்கி இல்லை. மனநோயால் அவதிப்படுகிற, யாருக்கும் தீங்கு நினைக்காதவர்கள் மேல் அந்தச் சொல் போய் விழுவதைப் பற்றியும் யாருக்கும் கவலை இல்லை.

அச்சில் அடங்காத கொலைகாரன் வந்தபோது என்ன செய்தோம்? 1980களின் கடைசியில் திருவான்மியூரில் நடந்த ஆறு கொலைகளுக்காக 1991இல் செங்கல்பட்டு செஷன்ஸ் நீதிமன்றம் ஆட்டோ சங்கருக்குத் தூக்கு விதித்தது. சாராயம், விபச்சாரம் என்ற வியாபாரத்தைச் சுற்றி நடந்தவை அவை. சிறையில் அவன் எழுதிய சுயசரிதையில் உயர் அதிகாரிகள் பலரோடு அவனுக்கிருந்த தொடர்பு வெளிப்படுவதாக ‘நக்கீரன்’ அறிவித்தது. அப்படி ஒன்றை அவன் எழுதவே இல்லை என்றது சிறைத்துறை. பிரசுரத்தை அரசு முன்கூட்டித் தடுக்க முடியாது என்று 1994 அக்டோபர் 7இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1995 ஏப்ரல் 27இல் சேலம் சிறையில் அவன் தூக்கிலிடப்பட்டான். இங்கே கேட்க வேண்டிய கேள்வி அவன் மனம் எப்படிப்பட்டது என்பதல்ல, ஆறு பேர் சாகும்வரை அவன் தொழில் எப்படி நடந்தது என்பது. வேட்டைக்காரன் ஒரு பக்கம், மிருகம் ஒரு பக்கம் என்று பிரியாத கதை அது. ஆனால் நம் ஞாபகத்தில் தங்கியது ஒரு பெயர், ஒரு முகம்.

முகம் வேண்டும் என்பதே இந்தக் கதைகள் நமக்குக் கற்றுக்கொடுக்கும் பழக்கம். பீங்கான் கலவையில் படிகக்கல்லை அரைத்துச் சேர்க்கிறார்கள். அதன் நுண்தூசி வருஷக்கணக்கில் நுரையீரலில் தங்கினால் வருவது சிலிகோஸிஸ். வந்தால் குணமில்லை. தூசியை விட்டு விலகிய பிறகும் அது வளரலாம். 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே அதை அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் ஒன்றாகச் சேர்த்தது. பீங்கானிலும் கல்குவாரியிலும் உலகெங்கும் ஒரே மாதிரி, ஒரே அடையாளத்தோடு விழும் சாவுகள் இவை. தொடர், அமைப்பு, தடயம் எல்லாம் இருக்கின்றன. சுவரில் போட்டோ ஒட்ட மட்டும் யாரும் வருவதில்லை. பின்னால் ஒரு மனம் இல்லாததால் நமக்கு இது கதையாகவே படுவதில்லை.

துரத்தலைப் பற்றி எனக்குத் தெரிந்த மிகப் பழைய சிந்தனை மஜ்ஜிம நிகாயத்தின் அங்குலிமாலன் சூத்திரத்தில் இருக்கிறது. மிஷ்கினின் ‘சைக்கோ’வும் அங்கிருந்து பெயரை எடுத்தது. அங்கே துரத்துகிறவன் கொலைகாரன். புத்தர் நிதானமாக நடக்கிறார், ஓடுகிறவனால் எட்ட முடியவில்லை. நில் என்கிறான். நான் நின்றுவிட்டேன், நீதான் நிற்கவில்லை என்கிறார். மனமாற்றத்தோடு முடித்திருக்கலாம், ஆனால் சூத்திரம் அப்படி முடியவில்லை. துறவியான அங்குலிமாலன் பிச்சைக்குப் போன ஊரில் கல்லடி பட்டு, தலை உடைந்து, ரத்தம் ஒழுகத் திரும்புகிறான். பொறுத்துக்கொள் என்கிறார் புத்தர். கொலைகாரனுக்கு விமோசனம் உண்டு, ஆனால் அந்த விமோசனம் செத்தவர்களின் கணக்கை அழித்துவிடுவதில்லை. அவன் பிள்ளைப்பருவத்தைப் பற்றி அந்தச் சூத்திரம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்தக் கதைகளைப் படிக்காதே, பார்க்காதே என்று சொல்ல வரவில்லை. அவற்றின் அடியில் இருக்கும் ஏக்கம், ஒவ்வொரு சாவையும் யாராவது எண்ண வேண்டும் என்பது, இலக்கியத்தின் ஏக்கமும்தான். அதைக் கொலைகாரனிடமிருந்து மீட்க முடியுமா என்பதுதான் எழுதுகிறவர்களின் முன் இருக்கும் கேள்வி. 1888இல் லண்டன் ஒயிட்சாப்பலில் கொல்லப்பட்ட ஐந்து பெண்களைப் பற்றி ஹாலி ரூபன்ஹோல்ட் 2019இல் ஒரு புத்தகம் எழுதினார். நூற்றிமுப்பது வருஷமாக உலகம் தேடிய கொலைகாரனை அவர் தேடவில்லை. கொலைகளை வர்ணிக்கவும் இல்லை. பிறந்தது, மணந்தது, வேலை செய்தது, வாடகை பாக்கி வைத்தது என்று ஐந்து வாழ்க்கைகளை மட்டும் எழுதினார். அதில் முதல் பெண்ணைப் பற்றிப் படிக்கும்போது இரண்டாவது பெண் சாக வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது.