யார் வேலை அது?

கத்தாரில் 2022 உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியின் முதல் ஆட்டம் கத்தாருக்கும் ஈக்குவடோருக்கும் நடந்தது. ஜப்பானுக்கும் அந்த ஆட்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் ஆட்டம் முடிந்த பிறகு சில ஜப்பானிய ரசிகர்கள் பிளாஸ்டிக் பையை எடுத்துக்கொண்டு, மற்றவர்கள் விட்டுப்போன போத்தல்களையும் காகிதங்களையும் பொறுக்கினார்கள். அந்த வீடியோவை நம்மில் பலர் பார்த்திருப்போம். "சூப்பர்லா" என்று நாலு பேருக்கு அனுப்பியும் இருப்போம்.

எனக்கு அப்போது ஒசாகாவில் வேலை. நவம்பர் 23, இரவு பத்து மணிக்கு ஜப்பான் – ஜெர்மனி ஆட்டம். கூட வேலை செய்கிறவர்களோடு ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் பார்த்தேன். பெனால்டியில் ஜெர்மனி ஒரு கோல் போட்டதும் கடையே அமைதியாகிவிட்டது. பிற்பாதியில் டோவான் ஒன்று, அப்புறம் அசானோ ஒன்று. 2–1. அதிர்ந்து பேசாதவங்கன்னு நான் நினைத்திருந்த ஆட்கள் மேசையைத் தட்டிக் கத்துனாங்க, கட்டிப்பிடிச்சு அழுதாங்க. கிளம்பும்போது பார்த்தால், யாரும் சொல்லாமலே தட்டுகளை அடுக்கி, கிளாஸ்களை ஓரமாக நகர்த்தி, சிந்தினதைத் துடைச்சிட்டுத்தான் எழுந்தாங்க. "இதுக்குக் கடையில ஆள் இருக்காங்களே?" என்று பக்கத்தில் இருந்த பெரியவரிடம் கேட்டேன். "நாமதானே உட்கார்ந்திருந்தோம்?" என்றார். என் கேள்வியே அவருக்குப் புரியவில்லை.

நம்ம ஊரில் அந்தக் கேள்வி எல்லாருக்கும் புரியும். மாமாக் கடையில் பெரிய திரை, விடிய விடியப் பந்து. முடிந்ததும் தே தாரிக் கிளாஸ் ஒரு பக்கம், குழம்பு வழியும் ரொட்டிச் சானாய்த் தட்டு ஒரு பக்கம், டிஷ்யூ காலடியில். கேட்டால், "காசு கொடுக்கிறோம்ல, அது அவங்க வேலை." இந்தப் பதிலை லேசில் தள்ளிவிட முடியாது. சம்பளத்துக்கு வேலை செய்வதில் கேவலம் ஒன்றும் இல்லை. தட்டு கழுவுவது ஒரு வேலைதான். ஆனால் நான் கீழே போட்ட டிஷ்யூவுக்காக ஒருவர் குனிகிறாரே, அந்த வேலையை உண்டாக்கினது நான்.

குனிகிறவர் யார் என்றும் பாருங்கள். கத்தாரில் கூலி வேலைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் நேப்பாளம், வங்காளதேசம், இந்தியாவிலிருந்து போனவர்கள். மாமாக் கடையிலும் அதே முகங்கள்தான். ஒரு காலத்தில் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் நகராட்சித் துப்புரவு வேலையில் நிறைய இருந்தது நம்ம ஆட்கள். தாத்தா பாட்டி யாராவது வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். இரண்டு தலைமுறைக்குள் நாம் மேசைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டோம்.

ஜெயித்த சந்தோஷத்தில் யாரும் நல்லவராக இருக்கலாம். 2018-இல் ரோஸ்தோவ் நகரில் பெல்ஜியத்துக்கு எதிராக 2–0 என்று முன்னணியில் இருந்த ஜப்பான், கடைசி நிமிடத்தில் வாங்கிய கோலில் 3–2 என்று தோற்றது. அந்தக் குழு உடை மாற்றும் அறையைச் சுத்தமாகத் துடைத்து, ரஷ்ய மொழியில் "நன்றி" என்று ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் போனது. தோற்ற கோபத்தில் அந்த அறையில் நானாக இருந்தால் நாற்காலியை உதைத்திருப்பேன்.

அதற்காக ஜப்பானியர்களுக்கு மாலை போட வேண்டாம். அதே 2018-இல் தோக்கியோவின் ஷிபுயாவில் ஹாலோவீன் கூட்டம் ஒரு சின்ன லோரியையே கவிழ்த்தது. விடிந்து பார்த்தால் தெருவெல்லாம் குப்பை. ஆக, இது ரத்தத்தில் வருகிற குணம் கிடையாது. அங்கே பள்ளிப் பிள்ளைகளே வகுப்பறையைப் பெருக்கித் துடைக்கிறார்கள்; அந்தப் பழக்கம் வளர்ந்த பிறகும் கையில் நிற்கிறது. அதோடு, அடுத்தவருக்குத் தொந்தரவு ஆகிவிடுவோமோ, நாலு பேர் என்ன நினைப்பாங்களோ என்ற பயமும் நிறைய. வேஷம் போட்டு முகத்தை மறைத்த இரவில் அந்தப் பயம் போனது, குப்பை வந்தது. எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

அப்படியென்றால் ஊர்க் கண்ணுக்குப் பயந்து செய்கிற நல்லது நல்லதா? இப்போது கேமராக்களும் அவர்கள் பை எடுக்கும் நேரத்துக்காகவே காத்திருக்கின்றன. மனசு சுத்தமாக இருந்தால்தான் செயலுக்கு மதிப்பு என்பார்கள் சிலர். நான் அந்தக் கட்சி இல்லை. சிங்கப்பூர் உணவங்காடிகளில் 2021 செப்டம்பர் 1 முதல் தட்டைத் திருப்பி வைக்காதவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கத் தொடங்கினார்கள். அபராதத்துக்குப் பயந்து தட்டைத் தூக்கிய என் தங்கை, இப்போது ஜொகூருக்கு வந்தாலும் தட்டைத் தூக்கிக்கொண்டு எங்கே வைப்பது என்று தேடுகிறாள். கை முதலில் பழகியது, மனசு பின்னாலேயே வந்தது. மேசை துடைக்கிற அக்காவுக்கு அவள் என்ன நினைத்துத் தூக்கினாள் என்பது முக்கியமில்லை.

போன வருஷம் அந்தப் பெரியவருக்குப் பத்துமலைத் தைப்பூச வீடியோ ஒன்றைக் காட்டினேன். காவடிகளை வாய் பிளந்து பார்த்தார். கூட்டத்தைப் பார்த்ததும், "மறுநாள் காலையில் யார் சுத்தம் பண்ணுவாங்க?" என்றார். நகராண்மைக் கழக ஊழியர்கள் வருவாங்க, நம்ம இளைஞர்கள் சிலரும் தொண்டூழியம் செய்வாங்க என்றேன்.

தலையாட்டிவிட்டு இன்னொன்று கேட்டார். "சாமி கும்பிட வந்தவங்க எல்லாம் அதுக்குள்ள வீட்டுக்குப் போயிடுவாங்களா?"