இரணைமடுவின் நீரும் வந்தேறியோரின் உரிமையும்

ஒரு நிலத்தில் பிறவாதவர் அந்நிலத்தின்மீது எவ்வாறு உரிமை பெறுகிறார் என்னும் வினாவுக்குத் தன்னுரிமைவாதிகள், அதாவது தனிமனிதரின் உடலும் உழைப்பும் உடைமையும் அரசின் கைக்கு அப்பாற்பட்டவை எனக் கொள்ளும் சிந்தனையாளர்கள், தம்முள் முரண்பட்ட விடைகளையே தந்துள்ளனர். யோன் லொக்கின் வழிவந்தோர் உரிமையாளரற்ற நிலத்தில் உழைப்பைச் செலுத்தியவரே அதற்கு உரியவர் என்பர். பொருளியலாளர் ஹான்ஸ்-ஹெர்மன் ஹொப்பே, உடைமையாளர் அழைத்தாலன்றி எவரும் நுழையலாகாது என்பார். மற்றொரு பொருளியலாளரான மில்டன் ஃபிரீட்மனோ, கல்வி, மருத்துவம், உணவு மானியம் முதலியவற்றைப் பொதுப்பணத்தில் வழங்கும் நலன்புரி அரசும் தடையற்ற குடிவரவும் ஒருங்கே நிலைக்கமாட்டா என்றார். இத்தகைய வாதங்களை உரசிப்பார்க்கக் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தை விடத் தகுந்த இடம் ஈழத்தில் அரிது.

கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் கட்டத் தொடங்கப்பெற்ற இக்குளத்தின்கீழ், 1930களிலிருந்து அரசு குடியேற்றத் திட்டங்களை அமைத்து, பெரும்பாலும் யாழ்ப்பாணக் குடாநாட்டினருக்கு வயற்காணி வழங்கியது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டப்படி அவர்கள் பெற்றது அனுமதிப்பத்திரமே. அரசின் ஒப்புதலின்றி அக்காணியை விற்க இயலாது. பின்னர், 1970களின் உணவுத் தட்டுப்பாட்டாலும் 1977, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களாலும் தேயிலைத் தோட்டங்களை விட்டு வந்த மலையகத் தமிழர், அதாவது இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தோரின் வழித்தோன்றல்கள், மலையாளபுரம், பாரதிபுரம், சாந்தபுரம் போன்ற இடங்களில் காடு வெட்டிக் குடியமர்ந்தனர். லொக்கின் அளவுகோலால் அவர்களே முதல் உரித்தாளர். அரச ஏடுகளிலோ அவர்களுட் பலர் அத்துமீறிக் குடியேறியோர்.

ஃபிரீட்மனின் வாதம் இங்கு தலைகீழாகிறது. 1945இல் தொடங்கிய இலவசக் கல்வியையும் அரச மருத்துவத்தையும் தாங்கி நின்ற வருவாயில் தேயிலை ஏற்றுமதித் தீர்வை பெரும்பங்கு வகித்தது. அத்தேயிலையைக் கொய்தவரின் பிள்ளைகளோ 1970கள் வரை பெரும்பாலும் அரச கல்வி முறைக்குப் புறம்பான தோட்டப் பள்ளிகளிலேயே இருந்தனர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகிர்ந்தது. உழைத்து ஈட்டிக் கொடுத்தவரைப் பயன்பெறும் தகுதியற்றவர் என விலக்கிய அரசைப் பார்க்கையில், நலன்புரி அரசு வந்தேறிகளால் சுரண்டப்படும் என்னும் அச்சம் எல்லா நாட்டுக்கும் பொதுவான விதியாகாது என்பது தெளிவு.

ஒன்றிக்கலத்தல், அதாவது வந்தவர் இருப்போரின் மொழியும் வழக்கமும் ஏற்று அவருள் ஒருவராதல், உரிமைக்கு முன்நிபந்தனை என்பாரும் உளர். மலையகத்தவருக்கும் குடாநாட்டிலிருந்து குடியேறியோருக்கும் மொழியும் பெரும்பாலும் சமயமும் முன்பே ஒன்றுதான். இரணைமடுவின் கனகாம்பிகை அம்மனை இரு சாராரும் தொழுகின்றனர். ஆயினும் ‘தோட்டக்காட்டார்’ என்னும் இழிசொல் மறையவில்லை. அதன் வேர் பண்பாட்டில் அன்று, காணியில் உள்ளது. குளத்து நீர் போதாத ஆண்டில் மாவட்டச் செயலர் தலைமையில் கூடும் சிறுபோக (வறள்பருவ நெற்செய்கை) கூட்டம், எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்நாளில் வாய்க்கால் திறப்பது எனத் தீர்மானித்து, காணிக்கு ஏற்பப் பங்கு பிரிக்கிறது. வயற்காணி இல்லாதவருக்கு, அவ்வயலில் களை பிடுங்கிக் கதிர் அறுத்து வாழ்பவர் அவரேயாயினும், அப்பங்கு இல்லை.

தன்னுரிமைவாதத்தின் குறையும் இங்கேதான் வெளிப்படுகிறது. காடு வெட்டிய மேட்டுநிலத்துக்கு உழைப்புவழி உரிமை பொருந்தும். குளமோ எவருடைய தனியுழைப்பும் அன்று. அணையும் வாய்க்காலும் பொதுப்பணத்தால் நிற்பவை. அப்பொதுப்பணத்தில் தேயிலைத் தோட்டத்தின் வியர்வையும் அடக்கம். ஆகவே மலையகத்தவரின் கோரிக்கை இரட்டை அடிப்படை உடையது: திருத்திய நிலத்துக்கு உழைப்பால், குளத்து நீருக்குப் பங்களிப்பால். இன்னும் ஆவணமின்றி இருக்கும் அக்குடும்பங்களுக்கு நிரந்தரக் காணி உறுதி வழங்குவதும், வயற்காணி பகிரப்படுகையில் அவர்களை முன்வரிசையில் நிறுத்துவதும் அரசின் கொடையல்ல, நெடுங்காலமாகத் தீர்க்கப்படாத கடன்.