அநுமதிப் பத்திரமும் அறமும்

காட்டில் திரியும் பன்றி யாருக்குச் சொந்தம்? ஆற்றில் நீந்தும் மீனுக்கு உடையவர் யார்? குழந்தைகள் கேட்கும் கேள்விகளைப்போல இவை தோன்றலாம். ஆயின் இவற்றுக்குச் சட்டத்தில் விடை எழுதியவர்கள் பேரரசுகளை ஆண்டவர்கள். அந்த விடையின் பொருட்டுச் சிறைசென்றவர்கள் ஏழைகள்.

வேட்டைக்கும் மீன்பிடிக்கும் வழங்கப்படும் அநுமதிப் பத்திரங்களின் கட்டணம் உலகின் பல பகுதிகளில் ஏறிவருகிறது. கட்டணம் உயர்ந்தால் வேட்டை குறையும், காடு பிழைக்கும் என்கின்றனர் ஒரு சாரார். ஏழையின் உரிமை பறிபோகிறது என்கின்றனர் மறுசாரார். இரு வாதங்களிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டுக்கும் முந்திய கேள்வியொன்று இருக்கிறது. ஒரு செயல் தகாததெனில், பணங்கட்டியபின் அது தக்கதாகிவிடுமா? தக்கதெனில், பணமில்லாதவனுக்கு மட்டும் அது ஏன் குற்றமாகவேண்டும்?

இக்கேள்வியைச் சப்ரகமுவவின் தோட்டப்புறங்களில் நின்று நோக்குவது நமக்குத் தெளிவைத் தரும். இரத்தினபுரியிலும் கேகாலையிலும் தேயிலையும் இறப்பரும் நிற்கும் சரிவுகள் பெரும்பாலும் ஒருகாலத்தில் அடர்வனங்கள். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், காட்டையும் தரிசையும் உரிமை நிலைநாட்டப்படாத நிலத்தையும் முடிக்குரிய நிலமென்று கொள்ள வழிசெய்தது. தலைமுறை தலைமுறையாகக் காட்டையண்டி வாழ்ந்த சிங்களக் கிராமத்தவரிடம் உறுதிப்பத்திரம் இருக்கவில்லை. காடு அரசின் கைக்குப் போயிற்று. அரசின் கையிலிருந்து தோட்டத் துரைமாரின் கைக்குப் போயிற்று. அக்காட்டை வெட்டவும், வெட்டிய மண்ணில் கோப்பியும் பின்னர் தேயிலையும் நடவும் தமிழகத்திலிருந்து நமது முன்னோர் கொண்டுவரப்பட்டனர். நிலத்தை இழந்த கிராமத்தவனும், நிலமே இல்லாத தொழிலாளியும் அடுத்தடுத்து வாழ, அவ்விருவருக்கும் உரியதல்லாத காடு அவர்களின் தலைக்குமேல் நின்றது.

அக்காட்டின் விலங்குகளை ஆட்சியாளர் நடத்திய விதம் கவனிக்கத்தக்கது. 1859 இல் வெளிவந்த தமது இலங்கை நூலில் எமர்சன் டெனன்ற் ஒரு கணக்குத் தருகிறார். தலைக்குச் சில ஷில்லிங் என அரசு வெகுமதி அறிவித்ததனால், 1848 க்கு முந்திய மூன்றாண்டுகளுக்கும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகள் கொல்லப்பட்டன. தென் மாகாணத்தில் 1851 க்கும் 1856 க்கும் இடையில் 2,000 யானைகளுக்கு வெகுமதி கொடுக்கப்பட்டது. கொன்றவனுக்கு அரசு பணம் கொடுத்த காலம் அது. அந்நூற்றாண்டு முடிவதற்குள், அதே யானையைச் சுட விரும்புவோன் அரசுக்குப் பணங்கட்டிப் பத்திரம் பெறவேண்டும் என்ற நிலை வந்தது.

யானை மாறவில்லை. துப்பாக்கி பட்டால் அதற்குண்டாகும் வேதனையும் மாறவில்லை. மாறியது கணக்கின் பக்கம் ஒன்றே. செலவாக எழுதப்பட்டது வரவாக எழுதப்பட்டது. நேற்றுப் புண்ணியமென்று கூலி கொடுக்கப்பட்டதும், இன்று பாவமென்று தண்டம் விதிக்கப்பட்டதும் ஒரே செயலெனில், அந்தப் புண்ணிய பாவங்களை நிர்ணயித்தது அறமன்று, ஆள்வோரின் தேவையே என்பதை நாம் உணரவேண்டும்.

மீனின் கதையும் இதுவே. பிறந்த நாட்டுப் பொழுதுபோக்கை மறக்கவியலாத துரைமார் 1880 களில் கடல்கடந்து ட்ரவுட் மீனின் முட்டைகளைத் தருவித்து மலையகத்தின் குளிர்ந்த ஓடைகளில் விட்டனர். ஹோட்டன் சமவெளியில் பிறந்து பெலிஹுல் ஓயாவாக இரத்தினபுரி மாவட்டத்தில் இறங்கும் நீர் இந்நாட்டு மண்ணில் ஊறுவது. ஆனால் அதன் மேற்பகுதியில் தூண்டில் போடும் பாக்கியம், கழக உறுப்பினராகவும் கட்டணம் செலுத்துவோராகவும் இருந்த சிலருக்கே வாய்த்தது.

இந்த முறை இங்கு முளைத்ததன்று. இங்கிலாந்தில் 1671 ஆம் ஆண்டுச் சட்டம், ஆண்டுக்கு 100 பவுண் வருமானம் தரும் நிலம் உடையவனுக்கே வேட்டையுரிமை உண்டு என்றது. 1723 இல், முகத்தில் கரிபூசி ஆயுதத்துடன் மான்வேட்டைக்குப் புகுந்தவனுக்கு மரண தண்டனை என்றனர். 1831 இல் நிலத் தகுதி நீக்கப்பட்டது. பணங்கட்டிப் பத்திரம் பெறுவோர் வேட்டையாடலாம் என்றாயிற்று. இது முன்னேற்றமே, ஐயமில்லை. பிறப்பும் நிலமும் கேட்ட வாயிற்காவலன் இப்போது பணப்பையை மட்டுமே கேட்டான். ஆயினும் வாயில் வாயிலாகவே இருந்தது. காட்டில் விழுந்த சுள்ளியைப் பொறுக்குவதையும் திருட்டாக்க முனைந்த ரைன் மாகாணச் சட்டசபையின் விவாதங்களைப் பற்றி 1842 இல் இளம் மார்க்ஸ் எழுதினார். பொருளாதாரப் பிரச்சினைகளின்பால் தம்மை முதலில் திருப்பியவற்றுள் அவ்விவகாரமும் ஒன்றென 1859 இல் அவரே குறிப்பிட்டார். சுள்ளியிலிருந்து ஒரு சமுதாயத்தின் அமைப்பு முழுவதையும் படிக்கலாம், காட்டுப்பன்றியிலிருந்தும் படிக்கலாம்.

இன்று தோட்டத்தில் அந்தப் பன்றி செய்வதென்ன? லயத்தின் பின்புறம் கிடைத்த சிறு துண்டு நிலத்தில் தொழிலாளி மரவள்ளியும் வற்றாளையும் நடுகிறான். ஓரிரவில் பன்றிக் கூட்டம் வந்து வேரோடு கிளறிப்போகிறது. காட்டுப்பன்றி அருகிவிட்ட இனமன்று. பயிர் காக்க அதனைக் கொல்வதை நாட்டின் சட்டம் பெருங்குற்றமாகக் கருதியதுமில்லை. ஆனால் துப்பாக்கிக்கு அநுமதிப் பத்திரம் வேண்டும். 1916 ஆம் ஆண்டின் சுடுகலன் சட்டம் முதல் இன்றுவரை இதுவே விதி. பத்திரத்திற்குப் பணம், ஆண்டுதோறும் புதுப்பிக்கப் பணம், துப்பாக்கிக்குப் பணம், தோட்டாவுக்குப் பணம். காவலுக்கென்று துப்பாக்கி கேட்பவனை நோக்கி, உனது காணி எங்கே என்று அதிகாரி வினவுவதும் இயல்பே. லயத்தில் வாழ்பவன் எந்தக் காணியைக் காட்டுவான்? வீடும் தோட்டத்தினுடையது, வீட்டின் பின்புற மண்ணும் தோட்டத்தினுடையது. 1948 இல் பிரசாவுரிமையையே இழந்து, 2003 ஆம் ஆண்டுச் சட்டம்வரை அதற்காகக் காத்திருந்தோரும் உள்ள ஒரு சமூகத்திடம் காணியுறுதி கேட்பது, 1671 ஆம் ஆண்டின் 100 பவுண் நிலத்தை வேறு மொழியிற் கேட்பதாகும்.

கட்டண உயர்வின் தன்மையை ஒரு சிறு கணக்கால் காண்போம். ஒரு பத்திரத்திற்கு 13,500 ரூபா என்று விளக்கத்திற்காக வைத்துக்கொள்வோம். 2024 இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா அடிப்படை நாட்கூலியின்படி, அது பத்து நாள் மலையேறிக் கொழுந்தெடுக்கும் உழைப்பு. கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வரும் செல்வனுக்கு அது ஒரு விருந்தின் செலவு. எல்லோருக்கும் சமமான கட்டணம் என்று சட்டம் பெருமைகொள்ளலாம். ஒருவனிடம் ஒரு மாலைப்பொழுதையும் இன்னொருவனிடம் பத்து நாள் வாழ்வையும் கேட்கும் கட்டணத்தைச் சமம் என்பது எண்ணுக்கும் வாழ்வுக்கும் உள்ள வேற்றுமையை மறப்பதாகும்.

பத்திரம் எட்டாதவன் என்ன செய்கிறான்? பட்டினிக்குப் பத்திரம் கிடையாது, பன்றியும் காத்திராது. அவன் கையில் எட்டுவது ஒரு முழக் கம்பி. அதைச் சுருக்கிட்டு வேலியோரத்தில் வைக்கிறான். சிலர் காவலுக்காக வைக்கின்றனர். சிலர் இறைச்சிக்காகவும், இன்னும் சிலர் விற்பதற்காகவும் வைக்கின்றனர் என்பதை மறைக்கவேண்டியதில்லை. துப்பாக்கியாவது குறிபார்க்கும், கம்பிக்குக் கண்ணில்லை. 2020 மே மாத இறுதியில், சிவனொளிபாதமலையின் மறுசரிவில், நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில், காண்பதற்கரிய கருஞ்சிறுத்தையொன்று இத்தகைய சுருக்கில் அகப்பட்டது. உடவளவைக்குக் கொண்டுசென்று சிகிச்சையளித்தும் சில நாட்களில் அது இறந்தது. கழுத்திறுகி அணுவணுவாகச் சாகும் உயிரின் வேதனையை, சுருக்கிட்டவன் ஏழை என்ற காரணத்தால் நாம் நியாயப்படுத்த முடியாது. வறுமை ஒரு செயலை விளக்கும், விளக்கம் மன்னிப்பாகிவிடாது. அதேவேளை, விளக்கத்தைக் கேட்க மறுத்துத் தண்டனையை மட்டும் கூட்டும் சமுதாயம் அடுத்த சிறுத்தையையும் காப்பாற்றப் போவதில்லை.

இவ்விடத்தில் எதிர்வாதத்தை நேர்மையோடு கேட்பது நமது கடன். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1937 ஆம் ஆண்டுச் சட்டம், துப்பாக்கிமீதும் தோட்டாமீதும் விதிக்கும் வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்கு ஒதுக்கியது. அவ்வுதவியைப் பெறும் மாநிலம், வேட்டைப் பத்திரக் கட்டணத்தை வேறு செலவுக்குத் திருப்பலாகாது என்றும் கட்டுப்படுத்தியது. 1950 இல் மீன்பிடிக்கும் அதுபோன்ற ஏற்பாடு வந்தது. அழிவின் விளிம்பிலிருந்த விலங்குகள் பல அப்பணத்தால் மீண்டன. நம் நாட்டிலும் 1894 இல் தோன்றிய விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை வளர்த்தோர் பெரும்பாலும் வேட்டையாடிய வெள்ளையரே. முன்னர் அவர்களின் வேட்டைக்களமாயிருந்த யால 1938 இல் தேசியப் பூங்காவாயிற்று. வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் 1937 இல் பிறந்ததே. இவை நன்மைகள். இவற்றை மறுப்பது வரலாற்றை மறுப்பது.

ஆனால் அங்கு விலங்கைக் காத்தது எது என்று ஆராய்ந்தால், விலை மட்டுமன்று என்பது புலப்படும். இத்தனைக்கு மேல் கொல்லக்கூடாது, இந்தப் பருவத்தில் கொல்லக்கூடாது, இந்த இடத்தில் கொல்லவே கூடாது என்ற எல்லைகளே அடிப்படை. அநுமதிப் பத்திரம் என்ற ஒரே தாளில் இரண்டு வேறு பொருள்கள் எழுதப்பட்டிருக்கின்றன: ஒன்று எல்லை, மற்றொன்று விலை. எல்லை எல்லோரையும் பார்த்துப் பேசுகிறது. பணமுடையவனும் அதற்குப் பணியவேண்டும். விலையோ இல்லாதவனைப் பார்த்து மட்டுமே பேசுகிறது. எல்லையில் அறம் உண்டு. விலையில் இருப்பது நிர்வாகம். அதன் செலவுக்கு வேண்டிய அளவில் அது நியாயமானதே. எல்லை செய்யவேண்டிய வேலையை விலையிடம் ஒப்படைக்கும்போதுதான் அநீதி பிறக்கிறது. கட்டுப்பாடு என்பது விலைகொடுத்து விலகிக்கொள்ளக் கூடியதானால், அது ஏழைக்குக் கட்டளையாகவும் செல்வனுக்குக் கடைச்சரக்காகவும் ஆகிவிடுகிறது.

நமது மரபு இந்த உண்மையை வேறு விதத்தில் அறிந்திருக்கிறது. கதிர்காமத்திற்கு நடக்கும் தோட்டத் தொழிலாளி தொழுவது தினைப்புனம் காத்த வேடர்குல வள்ளியை. பன்றியிறைச்சி படைத்த கண்ணப்பனை நாயனாராக ஏற்றது நமது சைவம். பயிர்காத்தலும் வேட்டையும் உழைப்பென்று மதிக்கப்பட்டதன் நினைவுகள் இவை. கோயிலுக்குள் வேடனைக் கும்பிட்டுவிட்டு, வெளியே அவன் வழிவந்தோனைக் கள்ளன் என்று மட்டும் அழைப்பதில் ஒரு முரண்பாடு உண்டு.

கேகாலை மாவட்டத்துக் கலபிட்டமடைக்கு அருகில் ஒரு சிற்றோடை இருக்கிறது. 1991 இல் விஞ்ஞானிகள் விவரித்துப் ‘பண்டுல’ என்று பெயரிட்ட மிகச் சிறிய மீனொன்றுக்கு அவ்வோடையும் அதன் சுற்றுமே இயற்கை உறைவிடம். காட்டினூடே ஓடாமல், மனிதர் பயிரிடும் நிலத்தினூடே ஓடுகிறது அந்த நீர். அம்மீனுக்கு எந்தக் கட்டணமும் காவலாகாது. விலை எவ்வளவு உயர்ந்தாலும், அதைக் கொடுக்கக்கூடிய ஒரேயொருவன் அந்த இனத்தை முடித்துவிடலாம். கரையில் வாழ்வோர் அதனைத் தமதென்று எண்ணும் நாளில்தான் அது பிழைக்கும்.

ஆகவே நாம் கோருவது மலிவான பத்திரமன்று, கட்டற்ற வேட்டையுமன்று. எவ்வளவு எடுக்கலாம் என்பதை விலங்கின் நிலை கொண்டு முடிவுசெய்க. யார் எடுக்கலாம் என்பதைப் பணப்பை கொண்டு முடிவுசெய்யற்க. பன்றி அழித்த மரவள்ளிக்கு நட்டஈடு வேண்டும். லயத்து மனிதனுக்குக் காணியுறுதி வேண்டும். காட்டெல்லை பற்றி முடிவெடுக்கும் அவைகளில் கிராமத்தவனும் தொழிலாளியும் அருகருகே அமரவேண்டும். காடு தனதில்லை என்று நூற்றெண்பது ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்தவனிடம், அதைக் காப்பது மட்டும் உன் பொறுப்பு என்று எந்த முகத்தோடு சொல்வது? பங்கில்லாதவனிடம் பொறுப்பைக் கேட்பதற்கு எவருக்கும் உரிமையில்லை. பங்கைக் கொடுத்தபின் பொறுப்பைக் கேட்போம். அப்போது, சுருக்குக் கம்பியைக் கழற்றி எறியுமாறு சொல்லும் தகுதியும் நமக்கு வந்துசேரும்.