எந்த மண் புனிதம்?

இங்கிலாந்தின் வடமேற்கில் செட்பர் என்ற சிற்றூருக்கு அருகே ஃபிர்பேங்க் ஃபெல் இருக்கிறது. மேய்ச்சல் குன்றை அந்தப் பக்கத்தில் ‘ஃபெல்’ என்பார்கள். ஏரி மாவட்டத்துக்கு விரைகிற கூட்டம் இங்கே திரும்புவதில்லை. முரட்டுப் புல், ஈர மண், ஆடுகள், ஓயாத காற்று. மேலே நின்றால் லூன் பள்ளத்தாக்குக்கு அப்பால் ஹவ்கில் மலைகள் மரமற்ற வழுவழுப்பான முதுகைக் காட்டிப் படுத்திருக்கும்.

1652 ஜூன் 13, ஞாயிறு. குன்றின் மேலிருந்த சிறு தேவாலயத்தில் காலைப் பிரசங்கம் முடிந்திருந்தது. நெசவாளியின் மகன், செருப்புத் தொழில் பழகியவர், 28 வயது நிறையாத ஜார்ஜ் ஃபாக்ஸ் ஓடையில் தண்ணீர் குடித்துவிட்டு வந்து ஒரு பாறையில் உட்கார்ந்தார். ஏறத்தாழ ஆயிரம் பேர் கூடினார்கள். மூன்று மணி நேரம் பேசினார். தேவாலயம் இருக்க மலையில் பிரசங்கமா என்று திகைத்த முதியவர்கள் சிலர் உள்ளே போய் ஜன்னல் வழியாகப் பார்த்தார்களாம். ஃபாக்ஸே தம் வாழ்க்கைக் குறிப்பில் சொல்கிறார்.

அந்த முதியவர்களின் திகைப்பு நியாயமானது. கடவுளுக்கென்று கட்டிய இடத்தை விட்டு வெளியே எதற்கு? அந்தக் கட்டடமும் அது நிற்கும் மண்ணும் இந்த மலையைவிடப் புனிதமல்ல என்பது ஃபாக்ஸின் பதில். ஃபாக்ஸ் தொடங்கிய குவேக்கர் என்ற கிறிஸ்தவ இயக்கம் இந்தப் பதிலின் மேல்தான் வளர்ந்தது. பலிபீடமும் ஞானஸ்நானமும் அதில் இல்லை. எல்லோரும் மௌனமாக அமர்ந்திருக்க, உள்ளே ஏவப்பட்டவர் எழுந்து பேசுவார்.

அப்படியானால் இன்று அதே பாறையில் நினைவுப் பலகை எதற்கு? ‘ஃபாக்ஸின் பிரசங்க மேடை’ என்ற பெயர் எதற்கு? அதைத் தேடி ஏன் ஏறி வருகிறார்கள்?

இதை வெறும் முரண்பாடு என்று ஒதுக்குவது அவசரம். நம்பிக்கைக்கும் கால் உண்டு. எங்காவது போய் நிற்கத்தான் பார்க்கும். ஃபாக்ஸும் விலக்கல்ல. அதே ஆண்டில் சற்று முன்னர், லங்காஷயரில் 557 மீட்டர் உயரமுள்ள பெண்டில் குன்றில் சிரமப்பட்டு ஏறினார். கடல் தெரிந்தது, மக்கள் திரளப்போகும் இடங்களைக் கடவுள் காட்டியதாக உணர்ந்தார். ஆனால் உச்சியில் ஒரு கல்லைக்கூட நட்டுவைக்கவில்லை. இறங்கும்போது ஊற்றுநீர் குடித்துவிட்டு, அந்த மக்களைத் தேடி நடந்தார்.

ஃபிர்பேங்க் தேவாலயம் பின்னாளில் புயலில் சிதைந்தது. பழைய கல்லறைகள் சில மிஞ்சியிருக்கின்றன. கீழே பிரிக்ஃபிளாட்ஸ் என்ற இடத்தில் குவேக்கர்கள் 1675இல் கட்டிய வழிபாட்டுக் கூடம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. வெள்ளைச் சுவர், மர பெஞ்சுகள். மாடிப்படியின் அடியில் சிறிய மர அடைப்பு ஒன்று: அந்நாளில் மேய்ப்பர்களோடு வந்த நாய்கள் மௌனம் முடியும்வரை அதற்குள் காத்திருக்கும்.