வறுமை ஒரு குற்றச்சாட்டா?

ஷெங்கன் நாடுகளுக்குக் குறுகிய காலப் பயணம் செல்ல விரும்பும் இலங்கையர் விசாவுக்கு விண்ணப்பித்தல் வேண்டும். எந்த 180 நாட்களிலும் 90 நாட்களுக்கு மேல் தங்குவதற்கில்லை. 2024 ஜூன் முதல் வயதுவந்தோருக்கான கட்டணம் 90 யூரோ. விண்ணப்பம் நிராகரிக்கப்படினும் அது திருப்பித் தரப்படுவதில்லை. வங்கிக் கணக்கும் 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் காட்டவேண்டும்.

இவற்றை வெறும் நடைமுறைகள் எனலாம். ஆனால், விண்ணப்பதாரர் திரும்பிச் செல்வார் என்பதில் நியாயமான ஐயம் எழுந்தால் விசாவை மறுக்கவேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் விசாச் சட்டக்கோவை. குற்றத்தை அரசே நிரூபித்தல் வேண்டும் என்பது ஐரோப்பா போற்றும் நீதிநெறி. இங்கோ, எக்குற்றமும் செய்யாதவர் தமது எதிர்கால எண்ணத்தை நிரூபிக்க வேண்டியவராகிறார். எண்ணத்தைக் கண்ணாற் காண இயலாது. எனவே சொத்து அதற்குச் சான்றாகிறது. காணியும் நிலையான சம்பளமும் உள்ளவர் நம்பத்தக்கவர். அவை இல்லாதவர் ஐயத்துக்குரியவர்.

எல்லையைக் காக்கும் உரிமை அரசுக்கு உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனமும் தன் நாட்டைவிட்டு வெளியேறும் உரிமையைக் கூறிற்றேயன்றி, பிறநாட்டினுள் விருந்தினராய் நுழையும் உரிமையைக் கூறவில்லை. ஆயினும், அனுமதி மறுப்பது வேறு. வறுமையை வஞ்சகத்தின் அறிகுறியாகக் கொள்வது வேறு. மகளின் பிள்ளைப்பேற்றுக்குச் செல்ல விரும்பும் ஏழைத் தாய்க்கும் ஊர் திரும்பப் பல காரணங்கள் உண்டு. அவற்றுக்குச் சான்றிதழ் வழங்கும் வங்கி எது?