சீமைக்கு நான்கு நாள்

மகள் புலனத்தில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தாள். அவள் பெல்ஜியத்தில் லூவன் நகரத்தில் முதுகலை படிக்கிறாள். வரும் பள்ளி விடுமுறையில் நானும் மனைவியும் அவளைப் பார்க்கப் போய், அப்படியே பிரசல்ஸில் நான்கு நாள் தங்கிச் சுற்றிப் பார்ப்பது என்று திட்டம். முதல் நாள் கிராண்ட் பிளாஸ் சதுக்கம். இரண்டாம் நாள் அட்டோமியம். மூன்றாம் நாள் சேங்கோந்தனேர் பூங்காவும் அதன் பெரிய வளைவும், பிறகு 44ஆம் எண் டிராமில் தெர்வூரன் அருங்காட்சியகம். நான்காம் நாள் சாக்லேட் வாங்குவது, கால் வலித்தால் சும்மா உட்கார்ந்திருப்பது. கடைசியில் ஒரு வரி: "விசா வேணாம்ப்பா. மலேசிய பாஸ்போர்ட்டுக்கு 90 நாள் வரைக்கும் சும்மாவே விடுவாங்க. டிக்கெட்ட மட்டும் போடுங்க."

அந்தக் கடைசி வரியில்தான் மாட்டிக்கொண்டேன்.

என் பாட்டி 1937இல் பன்னிரண்டு வயதில், தன் அப்பா அம்மாவோடு கங்காணி பின்னால் கப்பலேறி வந்தவர். அதற்கு அடுத்த ஆண்டு இந்திய அரசு மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதையே நிறுத்திவிட்டது. பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால் வெட்டினார், பிறகு செம்பனைக்கு மாறியதும் உதிரிப் பழம் பொறுக்கினார். 1994இல் இறந்தபோது அவரிடம் இருந்தது சிவப்பு ஐசி. ஐம்பத்தேழு வருடம் இந்த மண்ணில் வேலை செய்தவருக்கு நீல ஐசி கிடைக்கவில்லை. அவர் கொள்ளுப்பேத்தியின் அப்பன் ஐரோப்பாவுக்குள் 'சும்மாவே' நுழையலாம். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் டிக்கெட் வாங்கக் கணினி முன் உட்கார்ந்தவன் அன்றிரவு வாங்கவில்லை.

எங்களோடு இருக்கும் அம்மாவிடம் சொன்னேன். "சீமைக்கா போறீங்க?" என்று கேட்டார். தோட்டத்தில் துரை லீவில் போகிற இடத்துக்கெல்லாம் ஒரே பெயர், சீமை. அது லண்டனா, பாரிஸா, பிரசல்ஸா என்று யாருக்கும் கவலையில்லை. துரை அங்கே போவார், சில மாதம் கழித்துச் சிவந்து பெருத்துத் திரும்பி வருவார். அவ்வளவுதான் தெரியும்.

ஆனால் வட சிலாங்கூர்க்காரனுக்குப் பிரசல்ஸ் அவ்வளவு தூரத்து ஊர் இல்லை. 1905இல் மலாயாவுக்கு வந்த பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகோனியே, சிலாங்கூர் ஆற்றுப் பக்கம் ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் போட்டவர். அவருக்குத் துணைநின்று முதலீட்டைத் திரட்டியவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த அட்ரியான் அல்லே. அல்லே மலாயாவுக்கும் சுமத்ராவுக்கும் வருவதற்கு முன்பு காங்கோவில் இருந்தவர். 1917இல் ஃபோகோனியே தென்னமரம் தோட்டத்தில் செம்பனை நட்டார். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். மேற்கு ஆப்பிரிக்க மரம், சுமத்ராவிலிருந்து வந்த விதை, பெல்ஜியப் பணம், பிரெஞ்சுத் துரை, தமிழ்க் கூலி. தோட்டத்தின் பெயரோ தென்னமரம். பனைக்குத் தென்னை என்று பெயர் வைத்த அந்தத் தோட்டத்தின் வழியாக நான் பல வருடம் வேலைக்குப் போய் வந்திருக்கிறேன். ஃபோகோனியே பின்னாளில் 'மலேசி' என்று ஒரு நாவல் எழுதி, 1930இல் பிரான்ஸின் கோன்கூர் பரிசும் பெற்றார். நம் ஊர்க் காட்டில் விளைந்ததில் எண்ணெய் மட்டும் சீமைக்குப் போகவில்லை, கதையும் போயிருக்கிறது.

மகளின் பட்டியலில் மூன்றாம் நாள் இருக்கிறதே, அந்த வளைவு. அது 1905இல் கட்டி முடிக்கப்பட்டது. கட்டச் சொன்னவர் மன்னர் இரண்டாம் லியோபோல்ட். 1885 முதல் 1908 வரை காங்கோ அவருடைய சொந்தச் சொத்தாக இருந்தது. அங்கேயும் ரப்பர்தான். காட்டு ரப்பர் போதுமான அளவு கொண்டுவராத கிராமங்களில் கை வெட்டப்பட்ட மனிதர்களின் புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன. தெர்வூரன் அருங்காட்சியகம் தொடங்கியதே 1897 கண்காட்சியில்தான். அந்தக் கண்காட்சிக்கு 267 காங்கோ மக்களைக் கொண்டுவந்து வேடிக்கைப் பொருளாக வைத்தார்கள். ஏழு பேர் அங்கேயே இறந்துபோனார்கள். ஊர்த் தேவாலயத்தின் பக்கத்தில் அவர்களுடைய கல்லறைகள் இருக்கின்றன.

இப்படி ஒரு நகரத்துக்கு விடுமுறைக்குப் போய், 'ஆகா எவ்வளவு அழகு' என்று படம் எடுத்துப் போடலாமா? இதுதான் என் கேள்வி. பாட்டியின் தோட்டம் தென்னமரம் இல்லை, வேறு. அவர் வியர்வையில் ஒரு காசாவது பிரசல்ஸ் போய்ச் சேர்ந்ததா என்று காட்ட என்னிடம் கணக்கு ஏதும் கிடையாது. ஆனாலும் அந்த ஊரின் கல் ஒவ்வொன்றையும் பார்த்து 'இது யாருடையது?' என்று மனம் கேட்கத்தான் போகிறது.

கூட வேலை செய்யும் நண்பரிடம் புலம்பினேன். அவர் சிரித்தார். "சார், தஞ்சாவூர் போனீங்களே, அப்ப இந்தக் கணக்கெல்லாம் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. பெரிய கோயில் முன்னால் நின்று என் கண்கள் கலங்கின. அந்தக் கோயிலின் கல்வெட்டுகளிலேயே எழுதியிருக்கிறது, சேரரையும் பாண்டியரையும் வென்று கொண்டுவந்த பண்டாரத்திலிருந்து ராஜராஜன் கொடுத்தவை எவை எவை என்று. சோழர் ஒளிக்கவில்லை, பெருமையாகவே எழுதிவைத்தார்கள். அவன் மகன் ராஜேந்திரன் 1025இல் கடலைத் தாண்டிக் கடாரத்தைத் தாக்கினான். கடாரம் என்பது நம் கெடா. அந்தப் படையெடுப்பைப் பற்றி மேடையில் பேசும்போது நம் ஆட்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிறார்கள், நானும் நிமிர்த்தியிருக்கிறேன். கெடாவிலிருந்து ஒரு மலாய் நண்பர் தஞ்சாவூருக்குச் சுற்றுலா போய், கோபுரத்தைப் பார்த்துவிட்டு 'இதில் எங்கள் பங்கு எவ்வளவு?' என்று கேட்டால் என்ன பதில் சொல்வேன்? 'அது பழைய கதை, ஆயிரம் வருடமாச்சு' என்றுதான் சொல்வேன். நூறு வருடம் மறக்க முடியாதது, ஆயிரம் வருடம் மறக்கக் கூடியது என்றால் அந்தக் கோட்டை எந்த வருடத்தில் போடுவது?

இதற்கு ஒரு பதில் உண்டு. கடாரத்தில் கொள்ளைபோனவர்களின் பேரன்கள் யார் என்று இன்று யாரும் விரல்நீட்ட முடியாது. தோட்டத்து மக்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். எங்கள் பக்கத்திலேயே மேரி, நைகல் கார்டனர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீடு கேட்டு இருபது வருடத்துக்கு மேல் போராடினார்கள். கடனைக் கேட்க ஆள் இருக்கும்வரை கடன் பழையது ஆவதில்லை. வருடம் எண்ணுவதைவிட இது நல்ல அளவுகோல் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

ஆனால் அந்த அளவுகோலைக் கையில் எடுத்தால் அது என் வீட்டு வாசலிலும் வந்து நிற்கிறது.

நான் குடியிருக்கும் தாமான் ஒரு காலத்தில் தோட்டம். பின்வேலிக்கு அந்தப் பக்கம் இன்னும் செம்பனைதான். காலையில் அங்கே பிரட்டுக்கு நிற்பவர்கள் இப்போது இந்தோனேசியர்கள், வங்காளதேசத்தவர்கள். பாட்டி நின்ற இடத்தில்தான் நிற்கிறார்கள். பாட்டியைப் போலவே கடன் வாங்கிக் கடல் தாண்டி வந்தவர்கள். அவர்களைப் பற்றி எங்கள் தாமானில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். 'அழுக்கு', 'குடிச்சிட்டு சண்ட', 'நம்பவே கூடாது'. நானும் பேசியிருக்கிறேன். துரையும் கிராணியும் நம்மைப் பற்றிப் பேசிய அதே சொற்கள், ஆள் மட்டும்தான் மாறியிருக்கிறது. அந்தக் குலைகளிலிருந்து வரும் எண்ணெய்தான் என் சமையலறையில் இருக்கிறது. அவர்களில் ஒருவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. நாளைக்கு டாக்காவிலிருந்து யாரோ ஒரு பேத்தி இந்தப் பக்கம் சுற்றுலா வந்து, என் வீட்டு வாசல் கல்லைப் பார்த்து 'இது யாருடையது?' என்று கேட்டால்?

பாட்டியின் பெயரால் வர வேண்டியதை மட்டும் வாரிசாகக் கேட்டு, கொடுக்க வேண்டியதைக் கைகழுவுவது நியாயம் ஆகாது. சொத்துப் பத்திரத்தில்கூட அப்படி எழுத முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் கஷ்டமாக இருக்கிறது. கோலசிலாங்கூரும் ஒரு சுற்றுலாத் தலம்தான். வெள்ளைக்காரர்கள் கோலாலம்பூரிலிருந்து அரைநாள் பயணமாக வருகிறார்கள். புக்கிட் மெலாவத்தி மலையில் ஏறிக் குரங்குகளுக்குத் தீனி போடுகிறார்கள். 1784இல் டச்சுக்காரர்கள் பிடித்து ஆல்டிங்ஸ்பர்க் என்று தங்கள் கவர்னர் பெயரை வைத்த கோட்டை அங்கேதான் இருந்தது. கலங்கரை விளக்கத்துக்கு இன்றும் அந்தப் பெயர்தான். பொழுது சாய்ந்ததும் கம்போங் குவாந்தானில் படகேறி, பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் விட்டுவிட்டு எரிவதைப் பார்க்கிறார்கள். பாட்டி இதைக் கேள்விப்பட்டபோது, "மின்மினிப் பூச்சியப் பாக்கக் காசா?" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "மலைமேல ஏறுனா கடல் தெரியுமாமே, அந்தக் கடல்லதான வந்தோம்" என்றார். நான் 1992இல் ஒரு பழைய டட்சன் கார் வாங்கியிருந்தேன். எங்கள் தோட்டத்திலிருந்து அந்த மலை சுமார் 25 கிலோமீட்டர். இரண்டு வருடம் 'அடுத்த வாரம் போவோம் பாட்டி' என்றேன். போகவே இல்லை.

இதற்கு எந்த மன்னரும் பொறுப்பில்லை. 2020 ஜூன் 30இல், காங்கோ விடுதலையின் அறுபதாம் ஆண்டில், பெல்ஜிய மன்னர் பிலிப் அந்நாட்டு அதிபருக்குக் கடிதம் எழுதி, நடந்த கொடுமைகளுக்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். 'வெறும் வருத்தம்தானா, மன்னிப்பு இல்லையா?' என்று பலர் கேட்டார்கள். நானும் அப்போது அப்படித்தான் கேட்டேன். பாட்டிக்கு நான் அந்த வருத்தத்தைக்கூடத் தெரிவித்ததில்லை.

அப்படியானால் போகாமல் இருந்துவிடலாமா? அதையும் யோசித்தேன். போகாமல் இருப்பதில் ஒரு சுலபமான பெருமை இருக்கிறது. டிக்கெட் காசும் மிச்சம், தியாகி பட்டமும் கிடைக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கு அதனால் ஒரு பலனும் இல்லை. அழகும் பொய் ஆகிவிடாது. கிராண்ட் பிளாஸ் சதுக்கத்தை 1695இல் பிரெஞ்சுப் படை பீரங்கியால் நொறுக்கியது. நகரத்தின் தொழிற்சங்கத்தார் சில வருடத்தில் திரும்ப எடுத்துக் கட்டினார்கள். அதைக் கட்டிய கொத்தனுக்கும் தச்சனுக்கும் காங்கோவைத் தெரியாது, மலாயாவும் தெரியாது. அவர்கள் கைவேலையைப் பார்த்து வியக்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பினால், வேலை செய்தவனை மதிக்காத பழைய பழக்கத்தைத்தான் நானும் செய்கிறேன்.

தாத்தாவைப் பற்றிப் பாட்டி சொன்ன ஒரு கதை உண்டு. எதிரில் துரை வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி, அவர் கடந்து போகும்வரை நிற்க வேண்டும். 1941இல் கிள்ளானில் தொடங்கிக் கோலசிலாங்கூர் வரை பரவிய வேலைநிறுத்தத்தில் ஆர்.எச். நாதனின் ஆட்கள் வைத்த கோரிக்கைகளில் இதுவும் ஒன்று: துரை முன்னால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம். கூலி உயர்வோடும், பிள்ளைகளின் படிப்போடும், கள்ளுக்கடையை மூடுவதோடும் சேர்த்து அதையும் கேட்டார்கள். அதற்கு ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. நாதன் நாடு கடத்தப்பட்டார். காசு பெறாத ஒரு விஷயத்தை அவர்கள் ஏன் கூலிக்குச் சமமாக வைத்தார்கள் என்று நெடுநாள் எனக்குப் புரியவில்லை. இப்போது கொஞ்சம் புரிகிறது. இந்த உலகத்துச் சாலையில் எல்லாரையும் போல நானும் போவேன் என்பதுதான் அந்தக் கோரிக்கை. நான் பிரசல்ஸுக்குப் போகாமல் ஓரமாக இறங்கி நிற்பதை அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள்.

டிக்கெட் வாங்கிவிட்டேன். மகளின் பட்டியலில் இரண்டு திருத்தம் செய்து அனுப்பினேன். மூன்றாம் நாள் அருங்காட்சியகத்துக்கு முன்பு அந்த ஏழு கல்லறைகள். இரண்டாம் நாள் ஒருமணி நேரம் வாடகைச் சைக்கிள். "இந்த வயசுல சைக்கிளாப்பா?" என்று கேட்டாள். வந்து சொல்கிறேன் என்றேன்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியதாக எனக்கென்று இன்னொரு பட்டியல் எழுதினேன். அதில் இரண்டே வரி. பின்வேலிப் பக்கம் தினமும் பழம் ஏற்றிப் போகிறவரின் பெயரைக் கேட்பது. அம்மாவைப் புக்கிட் மெலாவத்திக்குக் கூட்டிப் போவது.

இரண்டாவதைப் போன ஞாயிறு செய்தோம். அம்மாவால் ஏற முடியாது, டிராம் வண்டியில் மேலே போனோம். கடல் தெரிந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் குழப்பத்தையெல்லாம் அவரிடம் கொட்டினேன், லியோபோல்டை, வளைவை, எல்லாவற்றையும். பாதி கேட்டார்.

"அங்க போயி மொகத்தத் தூக்கி வச்சிக்கிட்டு நிக்காதடா தம்பி," என்றார். "புள்ளைக்குச் சங்கடமா இருக்கும். துரைமாருங்க நம்ம ஊர நல்லாத்தான சுத்திப் பாத்தானுங்க? நீயும் நல்லா பாத்துட்டு வா."

முதல் வரி மட்டும் இன்னும் பாக்கி இருக்கிறது. நாளைக் காலை அவர் வண்டி வரும் நேரத்துக்கு வேலி ஓரம் நிற்க வேண்டும்.